தோல்விக்குக் கிடைத்த பரிசு

ஓர் அணி வேண்டுமென்றே தோற்பது, தோல்வியால் ஏதேனும் பலன் கிடைக்கும் போட்டிகளில்தான் தலையெடுக்கும். புதுச்சத்திரம், ராசிபுரம் வட்டாரக் கிராமங்களில் நடக்கும் கபடி, கைப்பந்துப் போட்டிகள் வழக்கமாக நாக் அவுட் முறையிலானவை. தோற்ற அணி மூட்டை கட்ட வேண்டியதுதான் என்பதால் அங்கே அந்த எண்ணத்துக்கே இடமில்லை. மாதக்கணக்கில் நீளும் லீக் போட்டிகளில் நிலைமை வேறு. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் 'டேங்கிங்' எனப்படும் இந்த வழக்கம் வளர்ந்ததும், அதைத் தடுக்க விதிகள் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டதும் நாற்பது ஆண்டுக்கும் மேலான வரலாறு.

இதன் வேர் 1947இல் தொடங்கிய 'டிராஃப்ட்' முறை. கல்லூரியிலிருந்து வரும் இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். பட்டியலின் அடியில் இருக்கும் அணிக்கு முன்னுரிமை. நலிந்த அணி தேறி வரட்டும் என்பதே நோக்கம். ஆனால் கூடைப்பந்துக் களத்தில் ஓர் அணிக்கு ஐவர் மட்டுமே ஆடுகிறார்கள். ஒரே ஒரு பெரும் வீரர் வந்துவிட்டால் அணியின் பத்தாண்டுத் தலைவிதியே மாறிவிடும். அதனால் கடைசி இடத்துக்குத் தனி மதிப்பு வந்தது. 1966 முதல், இரண்டு பிரிவுகளிலும் கடைசியாக வந்த அணிகளுக்கிடையே நாணயம் சுண்டி முதல் வாய்ப்பு முடிவு செய்யப்பட்டது.

1983-84 பருவத்தில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி தன் கடைசி 17 ஆட்டங்களில் 14இல் தோற்றது. ஓய்வுபெறவிருந்த 38 வயது எல்வின் ஹேய்ஸ், கூடுதல் நேரம் வரை சென்ற ஓர் ஆட்டம் முழுவதும் களத்தில் வைக்கப்பட்டார். நாணயம் ஹூஸ்டன் பக்கம் விழ, இளம் வீரர் ஹக்கீம் ஒலாஜுவான் அந்த அணிக்குக் கிடைத்தார்; பின்னர் 1994, 1995 ஆண்டுகளில் கோப்பையும் வென்று தந்தார். வேண்டுமென்றே தோற்றார்கள் என்ற சந்தேகம் வலுத்ததால், 1985இல் குலுக்கல் முறை வந்தது. பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறாத ஏழு அணிகளுக்கும் சம வாய்ப்பு அளிக்கப்பட்டது.

சம வாய்ப்பு உண்மையிலேயே நலிந்த அணிகளைக் கைவிட்டது. எனவே 1990இல் கடைசி அணிக்கு 66இல் 11 பங்கு வாய்ப்பு தரப்பட்டது. 1993இல், வெற்றியும் தோல்வியும் சமமாக இருந்த ஆர்லாண்டோ அணி, 66இல் ஒரே ஒரு பங்கை வைத்துக்கொண்டு குலுக்கலில் முதலிடத்தைப் பிடித்தது. மறு ஆண்டே கடைசி அணியின் வாய்ப்பு 25 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. தோல்விக்கு மீண்டும் விலை கூடியது.

அந்த விலையை வெளிப்படையாகக் கணக்கிட்டுச் செயல்பட்டது பிலடெல்பியா 76ers அணி. 2013இல் பொறுப்பேற்ற மேலாளர் சாம் ஹிங்கி, தேர்ந்த வீரர்களை விற்று எதிர்காலத் தேர்வு வாய்ப்புகளைச் சேர்த்தார். 2015-16இல் அணி 82 ஆட்டங்களில் 10 மட்டுமே வென்றது; அந்தப் பருவம் முடியும் முன்பே அவர் விலகினார். களத்தில் இறங்கிய வீரர்கள் வெல்லவே ஆடினார்கள்; ஏனெனில் அவர்களுடைய அடுத்த ஒப்பந்தம் ஆட்டத்தைப் பொறுத்தது. தோல்வி, அணி அமைப்பிலேயே திட்டமிடப்பட்டது. மூத்தவர்களை விற்பதும் இளையவர்களை ஆடவிடுவதும் நேர்மையான மறுகட்டமைப்புக்கும் பொது என்பதால், உள்நோக்கத்தை நிரூபிப்பது கடினம். ஆகவே லீக் பரிசைக் குறைத்தது: 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 விழுக்காடு வாய்ப்பு. 2023இல், பிளே-ஆஃப் வாய்ப்பு மிச்சமிருந்தபோதே முக்கிய வீரர்களுக்கு ஓய்வளித்த டாலஸ் அணிக்கு 7,50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

இந்தியாவுக்கு இத்தகைய சந்தேகத்தின் கசப்பு 2012 லண்டன் ஒலிம்பிக் பாட்மின்டனில் தெரிந்தது. இரட்டையர் பிரிவில் அந்த ஆண்டுதான் குழுச் சுற்று புகுத்தப்பட்டது. குழுவில் இரண்டாமிடம் பெற்றால் அடுத்த சுற்றில் வலுவான எதிராளியைத் தவிர்க்கலாம் என்ற நிலை உருவானது. சீனா, இந்தோனேசியா அணிகளில் தலா ஒன்றும் தென் கொரியாவின் இரண்டும் எனப் பெண்கள் இணைகள் நான்கு, வெல்ல முயலாததற்காக வெளியேற்றப்பட்டன. ஜுவாலா குட்டா – அஸ்வினி பொன்னப்பா இணையின் குழுவில், தைவானிடம் ஜப்பான் தோற்றது. அதனால் மூன்று இணைகள் சமநிலை பெற, ஒரே புள்ளி வித்தியாசத்தில் இந்தியா வெளியேறியது. ஜப்பான் வெல்ல முயலவில்லை என்று இந்தியா புகார் அளித்தும் ஏற்கப்படவில்லை. அடுத்த ஒலிம்பிக்கில் குழுச் சுற்று முடிந்தபின் மீண்டும் குலுக்கல் நடத்தப்பட்டது.

இந்திய லீக்குகள் பெரும்பாலும் ஏல முறையை நம்புகின்றன. 2008இல் தொடங்கிய ஐ.பி.எல். போட்டியிலும், 2014இல் தொடங்கிய புரோ கபடியிலும் முன்னணி வீரர்களை அணிகள் ஏலத்தில் விலை கொடுத்தே எடுக்கின்றன. கடைசி இடம் அங்கே முன்னுரிமை தருவதில்லை. 2017இல் புரோ கபடியில் நுழைந்த தமிழ் தலைவாஸ் முதல் இரண்டு பருவங்களில் தன் பிரிவிலும், 2019இல் மொத்தப் பட்டியலிலும் கடைசியாக வந்தது. அந்தத் தோல்விகளால் அணிக்கு எந்த ஆதாயமும் இல்லை. இளம் வீரர்களைக் கொண்டு அணியைத் திருத்தி அமைத்து, 2022இல் முதல்முறையாக அரையிறுதியை எட்டியது. வேண்டுமென்றே தோற்கும் வழக்கத்தைத் தண்டனையால் ஓரளவுக்கே அடக்க முடியும். தோல்விக்குரிய ஆதாயத்தை விதியிலிருந்து நீக்குவதே அதற்கு நிலையான தீர்வு.