ஊஹ்ட்சேரெ

ஊஹ்ட்சேரெ என்பது வைகறைக் கவலையைக் குறிக்கும் பழைய ஆங்கிலக் கூட்டுச்சொல். பொழுது விடியுமுன், இருள் விலகாத வேளையில் மனத்தை அரிக்கும் துயரம் என்பது இதன் பொருள். ‘ஊஹ்ட்’ இரவின் கடைசிப் பகுதி. ‘சேரு’ துயரம் அல்லது கவலை. அகராதிகள் இதை ‘ஊஹ்ட்சேரு’ என்று எழுவாய் வடிவில் தருகின்றன. இன்று பரவியிருப்பது ஏட்டில் உள்ள வேற்றுமை வடிவம்.

அந்த ஏடு எக்ஸெட்டர் நூல். 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட இக்கவிதைத் தொகுதியை, 1072-இல் மறைந்த ஆயர் லியோஃப்ரிக் எக்ஸெட்டர் பேராலயத்துக்கு அளித்தார். முதல் தாளில் கத்திக் கீறல்களும் ஏதோ கோப்பை வைத்த வட்டக் கறையும் தெரிகின்றன. இதிலுள்ள 53 அடிக் கவிதை ஒன்றில்தான் ஊஹ்ட்சேரெ வருகிறது. எஞ்சியுள்ள பழைய ஆங்கில எழுத்தில் வேறெங்கும் இல்லை. அக்கவிதையின் ‘மனைவியின் புலம்பல்’ என்ற தலைப்பு பிற்கால அறிஞர்கள் இட்டது. பேசுபவள் பெண் என்பதைத் தொடக்க அடிகளின் பெண்பால் விகுதிகள் காட்டுகின்றன. கணவன் கடல் கடந்து போய்விட்டான். எந்த நாட்டில் இருக்கிறானோ என்று வைகறைதோறும் தவிக்கிறாள். பின்னர் அவளை ஓக் மரத்தடியில் மண்குகையொன்றில் குடியிருக்கச் செய்கிறார்கள்.

ஊஹ்ட் வேளைக்கு அச்சமும் பக்தியும் கலந்த பின்னணி உண்டு. துறவிகள் அப்போது எழுந்து பாடிய வழிபாட்டுக்கு ‘ஊஹ்ட்சாங்’ என்று பெயர். பழைய ஆங்கிலக் காப்பியமான பேவுல்ஃப் புதையல் காக்கும் பறவை நாகத்தை வைகறைக் கொடியவன் என்கிறது. எக்ஸெட்டர் நூலிலேயே உள்ள ‘நாடோடி’ கவிதையிலும் தலைவனை இழந்த வீரன் வைகறைதோறும் தனியே துயருறுகிறான்.

எழுத்தாளர் மார்க் ஃபோர்சித்தின் ‘ஹோரோலஜிக்கான்’ (2012) நூலுக்குப் பின் இச்சொல் பொதுவாசகரிடம் பரவியது. விடிகாலையில் தூக்கம் கலைந்து அலுவலக வேலையை எண்ணிப் புரளுவதற்கும் இதைச் சொல்கிறார்கள். அப்படிச் சுருக்குவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி. அவள் துயரம் நாடு கடத்தப்பட்ட ஒருத்தியின் துயரம்.

இன்று கவலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘வொர்ரி’ பழைய ஆங்கிலத்தில் கழுத்தை நெரிப்பதைக் குறித்தது. மனக்கவலை என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. சேருவின் வழியில் வந்த ‘கேர்’ இன்றும் அன்றாட வழக்கில் இருக்கிறது. ஊஹ்ட் ஆங்கிலத்தில் வழக்கொழிந்தது. அதன் உறவுச்சொல்லான ‘ஓக்டென்ட்’ டச்சு மொழியில் காலைப்பொழுதைக் குறிக்கிறது.