பத்திலொரு பங்கும் பாட்டாளி கட்டிய களஞ்சியமும்

கோட்டைகளைப் பற்றிக் கூறுவர். கொடி பறந்த கொத்தளங்களைப் பற்றிப் பாடுவர். அந்தக் கோட்டைக்குள் வாழ்ந்தோர் உண்ட தானியம் எங்கே குவிந்து கிடந்தது, அதைக் குவித்தவர் யார் என்று கேட்போர் சிலரே. நாம் கேட்போம். மன்னர் வரிசையை மனப்பாடம் செய்வதோடு வரலாறு முடிந்துவிடுவதில்லை. உழைத்தவன் யார், உண்டவன் யார் என்று தேடும்போதுதான் அது தொடங்குகிறது. அந்தத் தேடலுக்கு இங்கிலாந்தின் பழைய பண்ணைக் களஞ்சியங்கள் அரிய சான்றுகளாக நிற்கின்றன.

இடைக்கால இங்கிலாந்தில் உழவன் விளைத்ததில் பத்திலொரு பங்கு திருச்சபைக்கு! கோதுமையில் பத்திலொன்று, கம்பளியில் பத்திலொன்று, ஆட்டுக்குட்டியில் பத்திலொன்று! விதைக்கும் கூலிக்கும் ஆன செலவைக் கழித்த பின் அளந்தார்களா? இல்லை, மொத்த விளைச்சலில் அளந்தார்கள். இது போக, நிலப்பிரபுவுக்குச் செய்ய வேண்டிய கடமை வேறு. 1836ஆம் ஆண்டுச் சட்டம் தானியத்துக்குப் பதிலாகக் காசு என்று மாற்றியது. அந்தக் காசுச் சுமையையும் எதிர்த்து உழவர்கள் கிளர்ந்த பின்னரே, 1936ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முடிவு காண வழிவகுத்தது.

இலண்டனுக்கு மேற்கே ஆர்மண்ட்ஸ்வொர்த் என்னும் சிற்றூர். அங்கே 1426–27ஆம் ஆண்டுகளில் வின்செஸ்டர் கல்லூரி தன் பண்ணை விளைச்சலைச் சேர்க்க ஒரு களஞ்சியம் எழுப்பியது. நீளம் 58 மீட்டர். அகலம் 12 மீட்டர். உயரம் 11 மீட்டர். ஓக் மரத் தூண்கள் இருமருங்கும் அணிவகுத்து நிற்க, உள்ளே நுழைவோர் தேவாலயமோ என்று திகைப்பர். ‘மிடில்செக்ஸின் பேராலயம்’ என்றே அதனை அழைத்தார் கவிஞர் ஜான் பெச்சமன். அங்கே பூசையில்லை, பிரசங்கமில்லை. இருந்தவை கதிர்க்கட்டுகளும், போரடித்த கரங்களும்! இத்தகைய களஞ்சியங்களில் எதிரெதிர் வாயில்களைத் திறந்துவைத்து, இடையே வீசும் காற்றில் பதரைத் தூற்றுவர். கட்டடத்தின் அமைப்பே உழைப்பின் இலக்கணம்!

1970கள் வரை பண்ணைக்குப் பயன்பட்ட அந்தக் களஞ்சியத்தை, 2006ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம் ஒரே ஒரு பவுனுக்கு வாங்கியது. ஈத்ரோ விமான நிலையத்தை விரிவாக்கும் திட்டத்தால் ஊரே அஞ்சியிருந்த காலம் அது. கதவு பூட்டப்பட்டது, கூரை சிதைந்தது. ஊரார் வாளாவிருக்கவில்லை, குரல் எழுப்பினர். 2011ஆம் ஆண்டில் பழஞ்சின்னங்களைக் காக்கும் பொது அமைப்பான இங்கிலீஷ் எரிட்டேஜ் 20,000 பவுன் கொடுத்து அதை மீட்டது. கூரை செப்பனிடப்பட்டது. ஊர்த் தொண்டர்களே கதவைத் திறந்து, வருவோர்க்கு விளக்கம் கூறும் நிலை பிறந்தது.

கிளாஸ்டன்பரி மடத்தின் கதை இன்னும் கூர்மையானது. 14ஆம் நூற்றாண்டில் அம்மடம் கல்லால் கட்டிய களஞ்சியம் அது. 1539ஆம் ஆண்டில் எட்டாம் என்றி மன்னன் மடத்தைக் கலைத்தான்; கடைசி மடத்தலைவர் தூக்கிலிடப்பட்டார். மடம் இடிந்தது, களஞ்சியம் நின்றது! 1970களில் அது சாமர்செட் நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகத்தின் பகுதியாயிற்று. மடத்தலைவரின் தானியம் குவிந்த வளாகத்தில், உழவனின் வாழ்க்கையும் அவன் கைபட்ட கருவிகளும் காட்சிக்கு வந்தன. இதைவிடப் பொருத்தமான தீர்ப்பை வரலாறு எழுதியதுண்டோ?

“சுரண்டலின் சின்னத்தை ஏன் காக்க வேண்டும்? இடித்துத் தள்ளுவோமே!” என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். அவர்தம் சினம் நியாயமானது. அவர் கூறும் வழியில் நமக்கு உடன்பாடில்லை. சுரண்டியவன் பெயர் ஏட்டில் இருக்கிறது, கல்வெட்டில் இருக்கிறது. உத்தரம் சுமந்தவனுக்கும் தூண் செதுக்கியவனுக்கும் அந்தக் கட்டடத்தைத் தவிர வேறு சாட்சி ஏது? இடித்தால் அழிவது ஆண்டையின் புகழன்று, உழைத்தவனின் கையொப்பம்! கட்டடம் நிற்கட்டும்; உரிமை மாறட்டும்; பயன் மாறட்டும்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில், நாயக்கர் காலத்துச் செங்கற் களஞ்சியம் நிற்கிறது. கொள்ளளவு 3,000 கலம் நெல்! மாநிலத் தொல்லியல் துறை அதைக் காக்கிறது. கோயிலை ஒட்டி நின்றதற்குக் காவல் கிடைத்தது. ஊர்ப்புறத்துப் பண்ணைகளில் கூரை சரிந்து கிடக்கும் நெற்கிடங்குகளுக்கு யார் காவல்?

இளைஞர்களே! உங்கள் ஊரில் அத்தகைய கட்டடம் விலைக்கு வருகிறதா? இடிபடப் போகிறதா? முதலில் சென்று அளந்து எழுதுங்கள். கட்டியவர் யார், அங்கே கூலிக்கு நெல் அளந்தவர் யார் என்று முதியோரைக் கேட்டுக் குறித்து வையுங்கள். பிறகு கிராம சபையில் எழுந்து நின்று, “இதைப் படிப்பகமாக்குவோம், மாலைப் பள்ளியாக்குவோம்” என்று தீர்மானம் கொண்டு வாருங்கள். பாட்டன் நெல் சுமந்து நுழைந்த வாயிலில் பேத்தி நூல் சுமந்து நுழையட்டும்!