சுதையின் மேல் படிந்த காலம்

கிருஷ்ணகிரி அடங்கிய பாரமகால் 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பெனியின் கைக்கு வந்தது. ஓசூர் மேட்டுநிலமோ 1799இல் திப்பு வீழ்ந்த பிறகே வந்து சேர்ந்தது. ஆகவே இப்பகுதியின் பழைய வீடுகளைப் பற்றிப் பேசும்போது மைசூரையும் சேர்த்தே நாம் பேச வேண்டியிருக்கிறது. 1970களில் சிப்காட் வந்தபின் ஓசூர் தொழில்நகரமாயிற்று. நிலத்தின் விலை ஏற ஏற, சுண்ணச்சாந்துச் சுவர்களும் சுதை வேலைப்பாடும் கொண்ட வீடுகள் அருகி வருகின்றன. எஞ்சியவற்றைப் புதுப்பிக்க முனைவோர் முதலில் பழைய வண்ணத்தைச் சுரண்டுகிறார்கள். இழப்பும் அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு 1784இல் எழுப்பிய தரியா தௌலத் மாளிகையை எடுத்துக்கொள்வோம். 1780ஆம் ஆண்டுப் பொள்ளிலூர்ப் போரைக் காட்டும் அதன் மேற்குச் சுவரோவியம் சுண்ணாம்பால் மறைக்கப்பட்டது. டல்ஹௌசியின் ஆணைப்படி 1855இல் அது மீண்டும் தீட்டப்பட்டது. பழைய ஓவியத்தை நினைவில் வைத்திருந்த ஒருவரே அதைத் தீட்டினார் என்பர். இன்று நாம் காண்பதில் திப்புவின் ஓவியர் கை எவ்வளவு, பிந்தைய கை எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று.

தஞ்சைப் பெரிய கோயிலில் நிகழ்ந்தது வேறு. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி, நாயக்கர் ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டார். பின்னர் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சிதைக்காமல் பெயர்த்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்தனர். கீழுள்ளதை வெளிக்கொணர மேலுள்ளதை அழிக்கவில்லை.

வீட்டுச் சுதைக்கும் இந்த நிதானம் வேண்டும். இறுகிய சுண்ணாம்பு அமிலத்தில் கரையும்; காஸ்டிக் சோடாவோ சுவருக்குள் உப்பை விட்டுச்செல்லும், பின்னாளில் பூச்சு பொரிந்து உதிரும். கம்பித் தூரிகையும் மணல்வீச்சும் சுதையுருவின் கண்ணையும் மூக்கையும் மழுக்கிவிடும். முதலில் மறைவான மூலையில் கையகல இடத்தை மட்டும் ஏடு ஏடாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தடித்த வெள்ளைப்பூச்சு மூங்கில் சீவலுக்கே பெயர்ந்துவிடும். பழைய பசை டிஸ்டெம்பர் வெந்நீரில் நனைத்த பஞ்சுக்கு இளகும். எண்ணெய் வண்ணத்துக்குக் கரைப்பான் பசையைப் பூசி ஊறவிட்டு, மெல்ல வழித்தெடுக்க வேண்டும். அடியில் வண்ணக்கோலம் ஏதேனும் தென்பட்டால் அங்கேயே கையை நிறுத்திவிட வேண்டும்.

சுவரைப் போலவே உயிரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய எனாமல் எதிலும் ஈயம் உண்டென்றே கொள்ளுதல் நலம். உலர்வாக உப்புத்தாள் தேய்ப்பதும், தீயால் சுட்டு உரிப்பதும் நஞ்சைக் காற்றில் கலக்கும். ஈரப்படுத்தியே சுரண்ட வேண்டும். தூசியை வடிக்கும் தரமான முகக்கவசம் வேண்டும். குழந்தைகளும் கருவுற்றோரும் அவ்வீட்டில் இருத்தலாகாது. உரித்த செதில்களைத் தோட்டத்தில் கொட்டக்கூடாது.

உரித்த சுதைக்கு மீண்டும் சுண்ணாம்பே பூசுதல் தகும். பிளாஸ்டிக் எமல்ஷன் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். ஒரு கையகல இடத்தை உரிக்காமலும் விட்டுவைப்போம். அந்த வீட்டில் எத்தனை தலைமுறை எந்தெந்த வண்ணத்தை விரும்பிற்று என்பதற்கு அதைத் தவிர வேறு ஏடு நம்மிடம் இல்லை.