ஓசியில் வந்ததல்ல ஓய்வு!

மேற்கு பிரான்ஸில் கூலோன் என்று ஒரு சின்ன ஊர். ஜூலை மாதம் போனால் இப்படி ஒரு காட்சியைப் பார்க்கலாம். வாய்க்கால் கரையில் சின்னதாக ஒரு கூடாரம். மரத்தில் சாய்த்துவைத்த இரண்டு சைக்கிள்கள். தண்ணீரே தெரியாமல் மேலே பச்சைப் பசேலென்று படர்ந்திருக்கும் குட்டிக் குட்டி இலைகள். படகுக்காரர் கோலால் சேற்றைக் கிளறி, மேலே வரும் குமிழியில் நெருப்பு வைப்பார். குப்பென்று தண்ணீர்மேல் தீ எரியும்! வேறொன்றுமில்லை, மீத்தேன் வாயு.

'ஆஹா, இயற்கை அன்னையின் கைவண்ணம்!' என்று தோன்றுகிறதா? அங்கேதான் ஏமாந்துபோகிறோம்.

இந்தப் பகுதிக்கு மரே புவாத்வான் என்று பெயர். பிரான்ஸின் பெரிய சதுப்பு நிலங்களில் ஒன்று. ஒரு காலத்தில் இது கடல். கொஞ்சம் கொஞ்சமாக வண்டல் சேர்ந்து சேறாக மாறியது. அதை முதலில் பெரிய அளவில் வெட்டி வடித்தவர்கள் யார் தெரியுமா? சாமியார்கள்! 1217-ம் ஆண்டு வாக்கில் ஐந்து மடங்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு கால்வாய் வெட்டின. இன்றைக்கும் அதன் பெயர் 'ஐந்து மடாதிபதிகள் கால்வாய்'தான்.

பிறகு போர்கள் வந்தன, பராமரிப்பு போனது, தண்ணீர் திரும்பி வந்தது. 1599-ல் மன்னர் நான்காம் ஹென்றி, ஹாலந்திலிருந்து ஹம்ப்ரி பிராட்லி என்ற நிபுணரை வரவழைத்து, சதுப்புகளை வடிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். வாய்க்கால்களும் கரைகளும் வரிசையாக நிற்கும் மரங்களும் எல்லாமே மனிதன் வரைந்த கோலம்.

சரி, நிலம் தயார். அங்கே போய்ப் படுக்க லீவு வேண்டாமா?

1936 வரை பிரெஞ்சுத் தொழிலாளிகளில் பெரும்பாலானோருக்கு லீவு என்றால் சம்பளம் 'கட்'. அந்த மே, ஜூனில் லட்சக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆலையைவிட்டு வெளியே வராமல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள்! பிரதமர் லியோன் ப்ளூம் அரசு ஜூன் 20 அன்று சட்டம் கொண்டுவந்தது. வருடத்துக்கு இரண்டு வாரம், சம்பளத்தோடு விடுமுறை. லியோ லக்ராஞ்ஜ் என்ற இளம் துணை அமைச்சர், ரயில் டிக்கெட்டில் 40 சதவிகிதத் தள்ளுபடி வாங்கித் தந்தார். முதல் கோடையிலேயே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பயணம் செய்தார்கள். ரயிலுக்கும் காசில்லாதவர்கள் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தார்கள்.

லக்ராஞ்ஜ் 1940-ல் போர்முனையில் இறந்தார். ப்ளூமை 1942-ல் கூண்டில் ஏற்றியது, ஜெர்மனிக்குப் பணிந்துபோன விஷி அரசு. நாட்டின் தோல்விக்கு இவர் கொடுத்த சலுகைகள்தான் காரணமாம்! ப்ளூம் அசரவில்லை. இருவர் மிதிக்கும் சைக்கிளில் தொழிலாளத் தம்பதிகள் போவதைப் பார்த்தபோது, அவர்கள் வாழ்க்கையில் கொஞ்சம் வெளிச்சம் சேர்த்த திருப்தி கிடைத்தது என்று கோர்ட்டிலேயே சொன்னார்.

நான் காமர்ஸ் படித்தவன். எந்தச் சொத்தைப் பார்த்தாலும் தேய்மானம் எவ்வளவு என்றுதான் மனசு கேட்கும். இங்கேயும் அது உண்டு. கடந்த நூற்றாண்டின் பின்பாதியில் ஏராளமான மேய்ச்சல் நிலம் உழப்பட்டு மக்காச்சோளமும் கோதுமையும் ஏறின. பறவைகளின் இடம் சுருங்கியது. விளைவு, 1979-ல் கிடைத்த 'இயற்கைப் பூங்கா' அந்தஸ்து தொண்ணூறுகளில் பறிபோய், 2014-ல்தான் திரும்பி வந்தது. 2023 மார்ச்சில் இதே மாவட்டத்தின் செய்ன்ட் சொலீன் கிராமத்தில், பாசனத்துக்கான ராட்சத நீர்த்தேக்கத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் திரண்டு போலீஸோடு மோதினார்கள். எண்ணூறு வருடங்களாக அதே கேள்விதான். இந்தத் தண்ணீர் யாருக்கு?

மரத்தடியில் காலை நீட்டிப் படுத்திருக்கும் அந்தச் சைக்கிள் பயணியைத் தயவுசெய்து எழுப்ப வேண்டாம். கண் விழித்தால் மட்டும் இதைச் சொல்லுங்கள்: 'ஐயா, நீங்கள் படுத்திருக்கும் இடம் ஒருத்தர் வெட்டியது. படுத்திருக்கும் நேரம் இன்னொருத்தர் போராடி வாங்கியது. இரண்டையும் பராமரிக்காவிட்டால் போய்விடும்!'