'வாங்கோ' என்றொரு வரி: லோஹேகாவ் தமிழ்த் தாளும் பொதுப் பேச்சுத் தமிழ் என்னும் கருத்தும்

புணே நகரின் வடகிழக்கில், லோஹேகாவ் விமானப்படைத் தளத்தை அடுத்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து 2023 மழைக்காலத்தில் ஒரு படம் எனக்கு வந்து சேர்ந்தது. ஒரே பக்கம், 38 வரிகள், இரண்டு பத்திகள். இடப்பத்தியில் மராத்தி வாக்கியங்கள். வலப்பத்தியில் அவற்றுக்கு நேரான தமிழ், தேவநாகரி எழுத்தில். தலைப்பு 'தமிள் ஷிகா', தமிழ் கற்றுக்கொள்ளுங்கள் என்று பொருள். எழுதியவர் பெயரும் இல்லை, நாளும் இல்லை. மேல்மாடித் தமிழ்க் குடும்பத்தோடு நாலு வார்த்தை பேச விரும்பிய மராத்தியர் ஒருவர் குழுவில் கேட்டாராம். வேறொருவர் இதை அனுப்பினாராம். அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குக் கிடைத்த பதில் 'ஃபார்வர்ட்' என்ற ஒரே சொல்.

இணையவழித் தமிழ்க் கல்வியின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அறிவிக்கப்பட்டு 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் ஷிஃப்மனும் வாசு அரங்கநாதனும் உருவாக்கிய வலைப் பாடங்கள், 22 மொழிகளில் நூறு வாக்கியங்கள் கற்பிக்கும் 'பாஷா சங்கம்' செயலி ஆகியவற்றை எல்லாரும் அறிவர். என் கையிலுள்ள தாள் இவற்றில் எதன் குழந்தையும் அன்று என்றே நினைக்கிறேன். 'சில்லறை இல்லை', 'தண்ணி வந்துச்சா' என்ற வரிகளை அரசுப் பாடத்தில் தேடிப் பயனில்லை. அவை மாடிப்படியில் பிறந்த வாக்கியங்கள்.

தாளில் மரியாதை ஏவல் வினைகள் நான்கு. மூன்று நாம் எதிர்பார்ப்பவை: 'உட்காருங்க', 'சொல்லுங்க', 'குடுங்க'. நான்காவது, பட்டியலில் இரண்டாம் வரி, 'வாங்க' அன்று, 'வாங்கோ'. கட்டுரை முழுதும் இந்த ஓர் ஓகாரத்தைப் பற்றியதுதான்.

இதை விளங்கிக்கொள்ள முதலில் ஷிஃப்மனோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். 1998இல் வெளியான கட்டுரையொன்றில், தமிழில் பொதுப் பேச்சுமொழி ஒன்று உருவாகிவிட்டது என்று அவர் வாதிட்டார். இலக்கண நூலோ கல்விக் குழுவோ விதித்த தரம் அன்று அது. திரைப்படம், வானொலி, பல ஊர்ப் பல சாதி மாணவர்கள் கலந்து பழகும் விடுதி போன்ற இடங்களில், பேசுவோரின் உடன்பாட்டால் தானே திரண்டது. அதன் அடித்தளம் பிராமணரல்லாத படித்தோர் பேச்சு. அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட பேச்சுத் தமிழ் இலக்கணமும் இந்த நம்பிக்கையின் மேல் எழுந்ததுதான். அயலாருக்குத் தமிழ் கற்பிப்போர் பலருக்கு இன்றும் அதுவே கையேடு.

இந்த வாசிப்பின் வலிமையை மறுப்பதற்கில்லை. லோஹேகாவ் தாளே பெரும்பகுதி அவருக்குச் சாட்சி சொல்கிறது. 'வந்துச்சா', 'சாப்பிட்டாச்சா', 'குடுங்க' எல்லாம் எந்த ஊர், எந்தச் சாதி என்று காட்டிக்கொடுக்காத வடிவங்கள். திரையில் கேட்டுப் பழகியவை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், முகம் தெரியாத ஒருவர் எழுதிய தாளில் இவை இருப்பது அவருடைய கருத்துக்கு வெற்றிதான்.

என் கருத்து வேறுபாடு வேறிடத்தில். ஷிஃப்மனுடைய வாதத்தின் பாரம் முழுதும் காதின் மேல் விழுகிறது. கேட்கிறோம், பழகுகிறோம், உடன்படுகிறோம். கதை உரையாடலில் பேச்சுத்தமிழ் எழுதப்படுவதை அவர் அறியாதவர் அல்லர். ஆனால் அங்கே எழுதுபவரும் படிப்பவரும் தமிழர், எழுத்தும் தமிழெழுத்து. உச்சரிப்பு இருவருக்கும் முன்பே தெரியும், எழுத்து நினைவூட்டினால் போதும். வாட்ஸ்அப்பில் கற்பவருக்கு அந்த முன்னறிவு கிடையாது. அவர் கண்ணால் கேட்கிறார். அவரிடம் இருப்பது தம் தாய்மொழியின் எழுத்தும் அதை வாசிக்கும் பழக்கமும் மட்டுமே. உடன்பாட்டில் உருவான தரம் அந்த எழுத்துக்குள் நுழையும்போது எழுத்துக்குரிய மொழியும் தன் பங்கைக் கேட்கிறது. ஷிஃப்மன் வரைந்த படத்தில் இந்த மூன்றாம் ஆளுக்கு இடமில்லை. இத்தனைக்கும் 2009இல் வாசு அரங்கநாதனோடு அவர் வெளியிட்ட தமிழ் வினைச்சொல் அகராதியில் பேச்சு வடிவம் இருக்கிறது, ஒலிப்பதிவும் இருக்கிறது. எழுத்து மட்டும் போதாது என்பதை அவருடைய கை அறிந்திருந்தது. கோட்பாடு அதைச் சொல்லவில்லை.

இனி அந்த ஓகாரத்துக்கு வருகிறேன். 'வாங்கோ' என்றதும் நம்மில் பெரும்பாலோர் அக்கிரகாரப் பேச்சு என்று தீர்ப்புச் சொல்லிவிடுவோம். தாளை முதன்முறை பார்த்தபோது நானும் அப்படித்தான் குறித்துவைத்தேன். கொங்கு நாட்டிலும் '-ங்கோ' உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு என்பது பிறகே உறைத்தது. ஆனால் இந்த மூன்றில் எதை எடுத்தாலும் ஒரே இடையூறு. 'வாங்கோ' என்பவர் 'உட்காருங்கோ' என்றும் 'சொல்லுங்கோ' என்றும்தானே சொல்வார்? நான்கில் ஒன்றுக்கு மட்டும் வழக்கு மாறுவானேன்?

விடை மராத்தியில் இருப்பதாக நினைக்கிறேன். மற்ற மூன்று ஏவல்களும் தாளில் ககரத்தோடு, உயிர்க்குறி எதுவும் இன்றி நிற்கின்றன. தேவநாகரியில் ஈற்று அகரத்துக்குத் தனிக்குறி இல்லை. அதை விழுங்கிவிட்டு வாசிப்பதே மராத்தியர் வழக்கம். ஆகவே அவர்கள் 'சொல்லுங்' என்றே படிப்பார்கள். (கோயம்புத்தூர்க்காரருக்கு அது இனிக்கவும் கூடும்.) அதே முறையில் 'வாங்க' என்று எழுதினால் 'வாங்' என்றாகும். மராத்தியில் அது முகத்தில் படரும் மங்கைக் குறிக்கும் சொல். ஈற்று அகரத்தை ஒலிக்கச் செய்ய மராத்தி எழுத்தில் ஒரு வழி உண்டு, தலையில் ஒரு புள்ளி. அதை வைத்தால் 'வாங்கம்' போலத் தோன்றி, அகரம் ஒலிக்கும் மராத்திச் சொல்லொன்று கிடைக்கும், பொருள் கத்தரிக்காய். நம் ஊர் ஓட்டல்களில் கிடைக்கும் வாங்கிபாத்தின் 'வாங்கி' இதே சொல்லின் பன்மைதான். வீட்டுக்கு வரும் விருந்தாளியை மங்கு என்றோ கத்தரிக்காய் என்றோ அழைக்க எந்த மராத்தியர் துணிவார்? யாரோ ஒருவர் அந்த ஒரு வரியை மட்டும் திருத்தியிருக்கிறார் என்பது என் ஊகம்.

ஏன் 'வாங்கா' என்று நீட்டாமல் ஓகாரம் இட்டார் என்று கேட்டால், என் விடை மெலிந்ததுதான். மராத்தியில் மரியாதையோடு விளிக்கும் 'அஹோ', 'ஹோ' ஆகியவற்றின் ஓகாரம் அவர் காதில் ஒலித்திருக்கலாம். மரியாதை காட்டும் வரியில் மரியாதை ஒலி வந்து ஒட்டியது. அல்லது மேல்மாடிக் குடும்பம் உண்மையிலேயே 'வாங்கோ' என்று வரவேற்கும் குடும்பமாக இருந்து, அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் காதால் திருத்தியிருக்கலாம். இரண்டாவதை என்னால் தள்ள முடியவில்லை. எப்படியாயினும் திருத்தம் கற்பவர் பக்கத்திலிருந்து வந்தது என்ற அளவில் என் வாதம் நிற்கும்.

திருத்தம் என்று சொல்ல மூலம் ஒன்று இருக்க வேண்டும். அதற்குத் தடயம் தாளிலேயே உண்டு. தலைப்பிலும் இடப்பத்தியிலும் நம் மொழியின் பெயர் 'தமிள்'. மராத்தியர் எழுதும் முறை அதுவே. வலப்பத்தியின் ஐந்தாம் வரியிலோ 'எனக்கு தமில் தெரியாது' என்றிருக்கிறது. 'தமில்' இந்திக்காரர் எழுதும் முறை. இன்னொரு சான்று 'அண்ணா'. மராத்தியர் இச்சொல்லை டண்ணகரத்தோடு எழுதுவர். அண்ணா ஹசாரேயின் பெயரை இந்தி நாளேடுகள் 'அன்னா' என்றே அச்சிட்டன. வலப்பத்தியில் இருப்பதும் 'அன்னா'. ஆகவே வலப்பத்தி முதலில் இந்தி அறிந்தவருக்காக எழுதப்பட்டது. பின்னர் மராத்தியர் ஒருவர் இடப்பத்தியையும் தலைப்பையும் மாற்றினார். வலப்பத்தியில் தமக்கு உறுத்திய ஒரே வரியில் கைவைத்தார். இந்திக்காரருக்குக் கத்தரிக்காய் 'பைங்கன்'. 'வாங்க' அவரை உறுத்தியிராது.

இரண்டு எழுத்துகளை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய வீடு கட்டலாமா என்று கேட்கலாம். கல்வெட்டுப் படிப்போர் இதைவிடச் சிறிய செங்கல்லில் கட்டியிருக்கிறார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு சமாதானம் இல்லை.

'தமிழ்' என்ற சொல்லின் ழகரத்தை இரண்டு கைகளும் தவறவிட்டதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தேவநாகரியில் ழகரம் இல்லாமல் இல்லை: ளகரத்தின் கீழே ஒரு புள்ளி. இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியீட்டை 1991இல் ஐ.எஸ். 13194 என்ற எண்ணில் தரமாக்கியபோதே அதில் ழகரத்துக்கு இடமிருந்தது. யூனிகோடிலும் தேவநாகரிப் பகுதியில் 0934 அதன் எண். இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் வகரத்தின் விசையிலேயே, ஷிஃப்டோடு அழுத்தினால், அது கிடைக்கும். இஸ்கி குறியீட்டைக் கணினிகளில் புழங்கவிட்ட ஜிஸ்ட் தொழில்நுட்பம் வளர்ந்தது வேறெங்கும் இல்லை, இதே புணேயின் சி-டாக் நிறுவனத்தில். றகரத்தின் கதை இன்னும் விசித்திரம். தமிழ் றகரத்தை எழுதவென்று தேவநாகரிக்குக் கிடைத்த 0931ஐத்தான் 'ஷேத்கர்யான்னா', அதாவது உழவர்களுக்கு, என்ற சொல்லின் இமைமயிர் போன்ற அரை ரகரத்துக்காக மராத்தியர் நாள்தோறும் தட்டுகிறார்கள். விரலுக்குத் தெரிந்த எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை.

அதே சி-டாக், நடுவணரசின் ஆட்சிமொழித் துறைக்காக 'லீலா' என்ற இந்தி கற்பிக்கும் மென்பொருளை உருவாக்கியது. தமிழ் வழியாகவும் அதில் இந்தி படிக்கலாம். செல்பேசிச் செயலி 2017 செப்டம்பரில் வெளிவந்தது. தமிழர் இந்தி கற்கப் புணேயில் கருவி செய்தார்கள். புணேக்காரர் தமிழ் கற்க ஃபார்வர்ட்தான் வந்தது. இதில் சதி எதையும் நான் காணவில்லை. ஆனால் லோஹேகாவ் தாள் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை.

காலம் பற்றி. கடைசி வரி 'ஜிபே பண்ணவா?' கூகுள் நிறுவனத்தின் தேஸ் செயலி 2018 ஆகஸ்டில்தான் கூகுள் பே ஆயிற்று. ஆகவே அந்த வரி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. முழுத் தாளுக்கும் இதை மேலெல்லையாகக் கொள்ள எனக்குத் துணிவில்லை. அது கடைசி வரி. அதன் எழுத்து மற்றவற்றைவிடச் சற்றுச் சிறியது. பின்னால் சேர்த்ததாக இருக்கலாம். 'சில்லறை இல்லை' என்ற வரியும் அதே தாளில் இருப்பது இரண்டு காலங்களைக் காட்டுகிறதா, ஒரே சந்தையின் இரண்டு கடைகளைக் காட்டுகிறதா என்றும் முடிவுசெய்ய இயலவில்லை. இந்தி மூலம் எப்போது எழுதப்பட்டது என்பது திறந்த கேள்வியே.

என் வாசிப்பைப் பொய்ப்பிக்க ஒரு வழி இருக்கிறது. இடப்பத்தி இந்தியில் உள்ள பிரதி ஒன்று எங்காவது சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதில் இரண்டாம் வரி 'வாங்க' என்றிருந்தால் கத்தரிக்காய் நிலைக்கும். 'வாங்கோ' என்றே இருந்தால் மேற்சொன்னதில் பாதியை நான் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். இப்படியொரு தாள் உங்கள் குடியிருப்புக் குழுவில் வந்தால் அழிப்பதற்கு முன் அந்த இரண்டாம் வரியைப் பாருங்கள்.