ஏழு வருஷமா, இரண்டரை நாளா? – ஒரு எலக்ட்ரீஷியன் பரீட்சையின் வரலாறு

பி.காம். படிக்கிறவனுக்கும் வயரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது நண்பர்களே!

நம் வகுப்பில் பாதிப் பேருக்கு சி.ஏ. கனவு. அந்தக் கனவின் நடுவே 'ஆர்ட்டிகிள்ஷிப்' என்று ஒன்று வரும். ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து வவுச்சருக்கு டிக் அடித்தே கற்றுக்கொள்ளும் காலம் அது. இந்த 'ஆர்ட்டிகிள்' என்பது, பழைய இங்கிலாந்தில் தொழில் பழக வரும் பையனுக்கும் முதலாளிக்கும் நடுவே எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தின் ஷரத்து. ஆக, நாமும் ஒருவகையில் அப்ரண்டிஸ்கள்தான். 2023இல் வந்த புதிய திட்டம் மூன்று வருட ஆர்ட்டிகிள்ஷிப்பை இரண்டாகக் குறைத்தது. உடனே யாருக்கும் தோன்றும் கேள்வி ஒன்று உண்டு. வருஷம் குறைந்தால் தரமும் குறைந்துவிடாதா? ஒருவனுக்கு வேலை தெரியும் என்பதை அவன் உழைத்த வருஷத்தை வைத்துச் சொல்வதா, அல்லது 'செய்து காட்டு' என்று கேட்டுச் சொல்வதா?

இந்தக் கேள்விக்கு வயது 450க்கும் மேல். இதற்கு மிகத் தெளிவாகப் பதில் தேடியவர்களில் பிரிட்டனின் எலக்ட்ரீஷியன்களும் உண்டு. அங்கே அப்ரண்டிஸ் காலம் முடியும் தறுவாயில் 'ஏ.எம்.2' என்று ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. அது எப்படி வந்தது என்று பார்ப்போம்.

ஏழு வருஷச் சட்டம்

1563இல் முதலாம் எலிசபெத் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. குறைந்தது ஏழு வருஷம் அப்ரண்டிஸாக இருக்காமல் யாரும் அன்றைக்கு இருந்த கைத்தொழில்களைச் செய்யக்கூடாது என்றது அது. ஐரோப்பாவின் வேறு பகுதிகளில், குறிப்பாக ஜெர்மானிய நகரங்களில், தொழிற்சங்கங்கள் இன்னொன்றும் கேட்டன. தொழிலில் 'மாஸ்டர்' ஆக வேண்டுமானால் தன் கையால் ஒரு பொருளைச் செய்து பெரியவர்கள் முன் வைக்க வேண்டும். இன்று சினிமா விமர்சனத்தில் தாராளமாக வாரி வழங்கும் 'மாஸ்டர்பீஸ்' என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். முதலில் அது ஒரு பரீட்சைத் தாள், பாராட்டு ஆனது பின்னால்!

இங்கிலாந்தின் சட்டமோ வருஷத்தை எண்ணியது. ஏழு முடிந்ததா? சரி, போ, நீ தொழிலாளி.

இதை நம் பாடத்தின் பிதாமகர் ஆடம் ஸ்மித் விடவில்லை. 1776இல் வெளியான தன் புகழ்பெற்ற நூலில் நீண்ட அப்ரண்டிஸ் காலம் தேவையே இல்லை என்று வாதாடினார். அவர் காட்டும் வேடிக்கை ஒன்று: கோச் வண்டி செய்பவர் தன் வண்டிக்குச் சக்கரம் செய்யக்கூடாது, சக்கரக்காரரிடம்தான் வாங்க வேண்டும். ஆனால் சக்கரக்காரர் முழு வண்டியையே செய்யலாம்! ஏனென்றால் 1563க்கு முன்பே இருந்த தொழில்களுக்கு மட்டுமே சட்டம் பொருந்தும் என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. கோச் வண்டித் தொழில் அதற்குள் அடங்கவில்லை. அவருடைய இன்னொரு வாதம்தான் நமக்கு முக்கியம். ஏழு வருஷம் இருந்தவன் மோசமான சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவரமாட்டான் என்பதற்கு அந்த ஏழு வருஷம் எந்த உத்தரவாதமும் தராது என்றார்.

1814இல் அந்த அப்ரண்டிஸ் விதிகள் நீக்கப்பட்டன. சட்டம் போனது, பழக்கம் போகவில்லை. 'இத்தனை வருஷம் வேலை செய்திருக்கிறேன்' என்பதே தகுதிச் சான்றாகத் தொடர்ந்தது.

கரண்ட் வந்தது

1881இல் இங்கிலாந்தின் கோடால்மிங் என்ற சிற்றூரில் பொதுமக்களுக்கு மின்சாரம் விற்க ஆரம்பித்தார்கள். அதே வருஷம் லண்டனில் சவாய் தியேட்டர் மின்விளக்கில் ஜொலித்தது. இது யாருக்கும் ஏழு வருஷ அனுபவம் இருக்கவே முடியாத தொழில். தந்திக்காரர்கள், அழைப்புமணி மாட்டுகிறவர்கள், கேஸ் குழாய் போடுகிறவர்கள் என்று பலரும் வயரைக் கையில் எடுத்தார்கள்.

மர வேலையில் பிசகு இருந்தால் நாற்காலி ஆடும், கண்ணுக்குத் தெரியும். வயரிங்கில் பிசகு இருந்தால் விளக்கு ஜம்மென்று எரியும். ஆறு மாதம் கழித்து வீடும் எரியும். அந்தப் பயத்தில்தான் 1882இல் தந்தி மற்றும் மின் பொறியாளர்களின் சங்கம் முதல் வயரிங் விதிகளை வெளியிட்டது. மொத்தம் நான்கே பக்கம். தலைப்பிலேயே 'தீ அபாயத்தைத் தடுக்க' என்று இருந்தது. அந்த விதிகள் பதிப்பு மேல் பதிப்பாக வளர்ந்து, 1992இல் பி.எஸ். 7671 என்ற பிரிட்டிஷ் தர எண்ணைப் பெற்றன. 2018இல் 18ஆம் பதிப்பு வந்தது.

விதி வந்துவிட்டது. விதி தெரிந்தவன் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி? லண்டன் நகரமும் அதன் பழைய தொழிற்சங்கங்களும் சேர்ந்து 1878இல் 'சிட்டி அண்டு கில்ட்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கின. அது தொழில்நுட்பப் பாடங்களுக்குத் தேர்வு நடத்தியது. ஆனால் தாளில் ஓம் விதி எழுதுவது வேறு, ஏணி மேல் நின்று இணைப்புக் கொடுப்பது வேறு. கேஷ் புக், லெட்ஜர் பற்றி பத்து மார்க் பதில் எழுதிய நமக்கு ஒரு மளிகைக்கடையின் நிஜக் கணக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதேதான் :-)

வயசு ஆனால் போதுமா?

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரிட்டனில் நடைமுறை இப்படித்தான் இருந்தது. பதினைந்து, பதினாறு வயதில் பையன் சேருவான், ஐந்து வருஷம் போல இருப்பான், இருபது இருபத்தொன்றில் முழுத் தொழிலாளி ஆவான். நல்ல மேஸ்திரியிடம் மாட்டினால் எல்லாம் கற்பான். மோசமான இடத்தில் மாட்டினால் டீ வாங்கி வந்தே ஐந்து வருஷம் ஓடிவிடும். இரண்டு பேருக்கும் கடைசியில் கிடைப்பது ஒரே பெயர்: 'எலக்ட்ரீஷியன்'.

1964இல் தொழிற்பயிற்சிச் சட்டம் வந்தது. 1968இல் ஒப்பந்ததாரர் சங்கமும் தொழிலாளர் சங்கமும் கைகோத்து மின் ஒப்பந்தத் துறைக்கு ஒரு கூட்டு வாரியம் அமைத்தன. எலக்ட்ரீஷியன்களைத் தரம் பிரித்து, தரத்துக்கேற்ற கூலி என்று ஆக்கியது அந்த வாரியம். இங்கேதான் வணிகவியல் மாணவன் நிமிர்ந்து உட்கார வேண்டும். கூலி தரத்தைப் பொறுத்தது என்றால், தரத்தை அளந்துதானே ஆக வேண்டும்? அளவுகோல் இல்லாமல் கூலி விகிதம் நிற்காது.

1981இல் பிரிட்டிஷ் அரசின் 'புதிய பயிற்சி முன்முயற்சி' இதை வெளிப்படையாகச் சொன்னது: பயிற்சி முடிந்ததா என்பதைக் கழித்த காலம் தீர்மானிக்கக்கூடாது, ஒப்புக்கொள்ளப்பட்ட தரத்தை அடைந்ததுதான் தீர்மானிக்க வேண்டும். 1980களின் நடுவில் மின்துறையில் ஏ.எம்.2 வந்தது. ஏ.எம். என்றால் 'அச்சீவ்மென்ட் மெஷர்மென்ட்', அதாவது அடைந்ததை அளப்பது. பெயரிலேயே கொள்கை இருக்கிறது பாருங்கள்!

ஒரு தடுப்பறை, இரண்டரை நாள்

தேர்வு எப்படி இருக்கும்? அப்ரண்டிஸுக்கு ஒரு தடுப்பறை தருவார்கள். எந்த ஊர் மையத்துக்குப் போனாலும் ஒரே வேலை, ஒரே அளவுகோல். மொத்தம் பதினாறரை மணி நேரம், இரண்டரை நாளில். வரைபடத்தைப் பார்த்து முழு வயரிங்கையும் செய்ய வேண்டும். இரும்புக் குழாய் வளைப்பது, கவசக் கேபிளை முடிப்பது, மூன்று இடத்திலிருந்து ஒரு விளக்கைப் போட்டு அணைக்கும் இணைப்பு, வீட்டைச் சூடாக்கும் கருவிக்கான கட்டுப்பாடு என்று பட்டியல் நீளும். பிறகு தான் செய்த வேலையைச் சோதித்துச் சான்றிதழ் நிரப்ப வேண்டும். வேண்டுமென்றே பழுது வைத்த பலகையில் பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் கணினியில் ஒரு அறிவுத் தேர்வு. எல்லாப் பகுதியிலும் தேற வேண்டும், ஒன்றில் கோட்டைவிட்டால் அதை மறுபடி எழுத வேண்டும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது மின் இணைப்பைப் பாதுகாப்பாகத் துண்டிக்கும் பகுதி. நம் ஊரில் மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டரை வைத்துப் பார்த்து, 'கரண்ட் இல்லை சார்' என்று கையை விடுவார்கள். டெஸ்டர் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று அர்த்தமா, டெஸ்டர் போய்விட்டது என்று அர்த்தமா?

அங்கே வரிசை இது: சரியான இடத்தில் அணை. பூட்டுப் போடு. சாவியை உன் பையில் வை. எச்சரிக்கை அட்டை மாட்டு. சோதிக்கும் கருவி வேலை செய்கிறது என்று மின்னழுத்தம் இருக்கும் ஓரிடத்தில் முதலில் நிரூபி. பிறகு ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என்று ஒவ்வொன்றாகப் பார். பார்த்து முடித்ததும் கருவியை மறுபடி நிரூபி. நடுவில் அது செத்திருக்கலாம் அல்லவா?

ஆடிட்டிங் பேப்பரில் 'சாட்சியத்தை நம்பும் முன் சாட்சியத்தின் மூலத்தைச் சோதி' என்று படிப்பதன் உயிர் பிழைக்கும் வடிவம் இது.

தேர்வுக்குத் தயாராவதும் இதையொட்டித்தான். வரிசையை வாயால் சொல்லிச் சொல்லிக் கைக்குப் பழக்குவது, சோதனை அட்டவணையை வீட்டில் உட்கார்ந்து நிரப்பிப் பார்ப்பது, கடிகாரம் வைத்துக்கொண்டு வேலை செய்வது. முக்கியமாக, தான் பார்த்தே இராத வேலையைத் தேடிப் பிடித்துப் பழகுவது. மூன்று நான்கு வருஷமும் புது வீடுகளுக்கு மட்டுமே வயர் இழுத்த பையன் இரும்புக் குழாயைத் தொட்டிருக்கவே மாட்டான். தேர்வுக்கு முன் 'எனக்கு இது தெரியும், இது தெரியாது' என்று ஒரு பட்டியலில் குறித்துப் பார்ப்பார்கள். தெரியாதது என்று குறிப்பவை பலவும் முதலாளி கற்றுக்கொடுக்காதவை. ஆக, இந்தத் தேர்வு பையனை மட்டும் சோதிக்கவில்லை. அவன் வருஷங்களை வாங்கிக்கொண்டவர் பதிலுக்கு என்ன கொடுத்தார் என்பதையும் தணிக்கை செய்கிறது.

எரிகிறது என்றால் சரி என்று பொருளல்ல

அந்தத் தடுப்பறைக்குள்ளேயே ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர் நடக்கும்போதே, போருக்குப் பின் கட்டும் வீடுகளுக்கு எப்படி வயரிங் செய்வது என்று ஆராய பிரிட்டனில் ஒரு குழு அமைத்தார்கள். அதில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட். செம்புக்குத் தட்டுப்பாடு. 1944இல் வந்த அறிக்கையின் வழியே 'ரிங்' சுற்று பிறந்தது. பலகையிலிருந்து கிளம்பும் கேபிள் எல்லா பிளக் பாயின்ட்டையும் தொட்டுவிட்டு மறுபடி பலகைக்கே வரும். மின்சாரம் இரண்டு பக்கமிருந்தும் பாய்வதால் மெல்லிய கேபிளே போதும். அதற்கேற்ற, உள்ளேயே பியூஸ் உள்ள மூன்று முனை பிளக்கின் தரம் நமக்குச் சுதந்திரம் கிடைத்த அதே 1947இல் வெளியானது.

இந்த வளையம் ஓரிடத்தில் அறுந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது! எல்லா பாயின்ட்டும் வழக்கம்போல வேலை செய்யும், அடுத்த பக்கத்திலிருந்து கரண்ட் வருமே. ஆனால் 32 ஆம்பியர் வரை விடும் பிரேக்கருக்குக் கீழே, 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் தன் சக்திக்கு மீறிய சுமையைத் தனியாகத் தாங்கும். பிரேக்கர் விழாது. சுவருக்குள் கேபிள் சூடாகிக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரருக்குத் தெரியாது. மீட்டரை வைத்து வளையத்தின் இரு முனைக்கும் நடுவே அளந்தால் மட்டும்தான் தெரியும். அதை அளக்கச் சொல்வதுதான் ஏ.எம்.2.

1970இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார் (2001இல் நோபல் வாங்கிய மனிதர்). விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் நல்ல சரக்கு சந்தையைவிட்டே ஓடிவிடும் என்பது சாரம். வயரிங் அதைவிட மோசம். கூலி கொடுத்துப் பத்து வருஷம் ஆனாலும் வாங்கியவருக்குத் தரம் தெரியாது.

நம் நாட்டில்

இங்கும் சட்டம் உண்டு. 1956 இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமும், தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையிலும்தான் வயரிங் வேலை நடக்க வேண்டும் என்றது. அதன் பின் வந்த 2010 ஒழுங்குமுறைகளும் அந்தக் கருத்தைத் தொடர்ந்தன. 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம், 1961இல் அப்ரண்டிஸ் சட்டம் என்று ஐ.டி.ஐ. பாதையும் இருக்கிறது. ஆனால் நம் தெருவில் வயரிங் செய்ய வருகிறவரிடம் நாம் கேட்பது என்ன? 'எத்தனை வருஷமா பண்றீங்கண்ணே?' சான்றைக் காட்டுங்கள் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? 1563இன் கேள்வியைத்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

முடிவாக

ஆடம் ஸ்மித் சொன்னது முழுவதும் சரி என்று நான் சொல்லமாட்டேன். ஏ.எம்.2 எழுதுகிறவர்கள் யாரும் தெருவிலிருந்து நேராக வந்து உட்காருவதில்லை, வருஷக்கணக்கில் வேலை பார்த்த பிறகுதான் வருகிறார்கள். கை பழகக் காலம் வேண்டும். அதை எந்தத் தேர்வாலும் சுருக்க முடியாது. பழகிய கையா, சும்மா வருஷம் தள்ளிய கையா என்பதை அடுத்தவருக்குக் காட்டத்தான் தேர்வு. 2012இல் பிரிட்டனின் அப்ரண்டிஸ் முறையை ஆராய்ந்த டக் ரிச்சர்ட், எல்லாத் தொழிலுக்கும் இறுதியில் ஒரு சுதந்திரமான தேர்வு வேண்டும் என்று பரிந்துரைத்தார். எலக்ட்ரீஷியன்கள் கால் நூற்றாண்டுக்கும் முன்பே செய்துவிட்ட காரியம் அது!

இனி யாராவது ரெஸ்யூமில் 'அனுபவம்: 7 ஆண்டுகள்' என்று போட்டிருந்தால், உங்கள் மனதில் அந்த அறுந்த வளையம் வரட்டும். எல்லா பாயின்ட்டும் வேலை செய்யும். அளந்து பார்த்தால்தான் தெரியும்.