அமெரிக்காவில் சட்டவிரோதக் குடியேற்றம்: வரவும் செலவும்

உரிய அனுமதியின்றி எல்லை தாண்டி வந்தோ, விசாக் கெடு முடிந்தும் திரும்பிப் போகாமலோ அமெரிக்காவில் தங்கியிருப்பவர்கள் 2023இல் சுமார் 1.4 கோடிப் பேர் என்று பியூ ஆய்வு மையம் மதிப்பிட்டுள்ளது. அடைக்கலம் கேட்டுக் காத்திருப்போரும் இதில் அடக்கம். மெக்சிகோவைச் சேர்ந்தவர்களே மிகுதி. இந்தியர்களும் லட்சக்கணக்கில் உள்ளனர். இவர்களால் நாட்டுக்கு லாபமா நட்டமா என்ற வாதம் பெரும்பாலும் மொத்தத் தொகையைச் சுற்றியே நடக்கிறது. லாபம் யாருக்குப் போகிறது, செலவு யார் தலையில் விழுகிறது என்று பிரித்துப் பார்க்காத கணக்கு அரைக்கணக்கே.

பின்னணி

1942 முதல் 1964 வரை ‘பிரசெரோ’ திட்டத்தின் கீழ் மெக்சிகோ பண்ணைத் தொழிலாளர்கள் ஒப்பந்தம் போட்டுச் சட்டப்படியே வந்து போயினர். திட்டம் நின்றது, ஆள் தேவை நிற்கவில்லை. பலர் ஆவணமின்றி வரத் தொடங்கினர். 1986இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்குத் தங்கும் உரிமை அளித்தது. ஆவணமற்றவர் என்று தெரிந்தே வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு அபராதமும் விதித்தது. ஆனால் காட்டப்படும் அடையாள அட்டை பார்வைக்கு அசலாகத் தோன்றினாலே முதலாளியின் கடமை முடிந்துவிடும். போலி அட்டை வியாபாரத்துக்கு அந்த ஓட்டையே போதுமானதாக இருந்தது.

வரி

போலிச் சமூகப் பாதுகாப்பு எண்ணோடு வேலைக்குச் சேர்ந்தவரின் சம்பளச் சீட்டிலும் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு 6.2 விழுக்காடும், முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 விழுக்காடும் பிடித்தம் இருக்கும். முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். பெயரும் எண்ணும் பொருந்தாததால் சம்பள விவரம் யார் கணக்கிலும் ஏறாமல் தனிக் கோப்பில் நிற்கிறது. பணம் மட்டும் பொது ஓய்வூதிய நிதியில் சேர்ந்துவிடுகிறது. ஆவணம் கிடைக்காதவரை, உழைத்தவருக்கு அதிலிருந்து ஒரு டாலர்கூடத் திரும்பாது. வரிவிதிப்பு மற்றும் பொருளாதாரக் கொள்கை நிறுவனத்தின் கணக்குப்படி, 2022இல் ஆவணமற்றோர் செலுத்திய மொத்த வரி 9,670 கோடி டாலர். அதில் சமூகப் பாதுகாப்புக்குப் போனது 2,570 கோடி. மத்திய அரசின் பெரும்பாலான நலத்திட்டங்களோ அவர்களுக்குக் கிடையாது.

பள்ளியும் நகரமும்

பெருஞ்செலவு மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும்தான். ஆவணமற்ற பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளியில் இடம் தர வேண்டும் என்று 1982இல் பிளைலர் எதிர் டோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 5–4 என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு, ஆனால் செலவு பள்ளி மாவட்டத்துடையது. 2021க்குப் பின் பெருகிய குடியேற்றத்தால் 2023இல் மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கு நிகரச் சுமை 920 கோடி டாலர் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகம் கணித்தது. அதே பெருக்கத்தால் 2024–2034 காலத்தில் மத்திய அரசின் பற்றாக்குறை சுமார் 90,000 கோடி டாலர் குறையும் என்றதும் அதே அலுவலகம்தான். வரவு வாஷிங்டனுக்கு, செலவு நகரங்களுக்கு என்றாகும்போது, அந்த நகரங்களின் முறையீட்டை வெறும் வெறுப்பு என்று ஒதுக்குவது நியாயமல்ல.

கூலி

குடியேற்றத்தால் நீண்ட காலத்தில் ஒட்டுமொத்தக் கூலி அதிகம் பாதிக்கப்படுவதில்லை என்று தேசிய அறிவியல் கழகங்களின் 2016ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. பாதிப்பு இருக்குமிடத்தில் அது பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்கும் முன்பே வந்த குடியேறிகளுக்கும்தான். ஆட்களை வெளியேற்றினால் கூலி உயருமா? பிரசெரோ திட்டம் முடிந்த பின் கூலி எதிர்பார்த்தபடி உயரவில்லை என்று பொருளாதார வல்லுநர் மைக்கேல் கிளெமென்ஸ் உள்ளிட்ட மூவர் ஆய்ந்து காட்டினர். கலிபோர்னியாவின் தக்காளிக் காடுகளில் ஆட்களுக்குப் பதில் அறுவடை இயந்திரம் இறங்கியது. அதற்கென்றே, ஒரே சமயத்தில் பழுத்து, அடிபட்டாலும் நசுங்காத தக்காளியை கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஜாக் ஹன்னா உருவாக்கியிருந்தார்.

கூலியைக் கீழே இழுப்பது தொழிலாளியின் அச்சமே. சங்கம் சேர்க்க முயன்றதற்காக நீக்கப்பட்ட ஆவணமற்ற தொழிலாளிக்கு இழந்த சம்பளம் கிடையாது என்று 2002இல் ஹாஃப்மன் பிளாஸ்டிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வாய் திறக்க முடியாதவர் பக்கத்தில் நிற்கும்போது உள்ளூர்த் தொழிலாளியின் பேரமும் பலவீனப்படுகிறது.

உயிர்ச்செலவை டாலரில் எழுத முடியாது. 2022 ஜூனில் சான் அன்டோனியோ அருகே கைவிடப்பட்ட ஒரு டிரெய்லருக்குள், ரகசியமாக ஏற்றி வரப்பட்ட குடியேறிகள் 53 பேர் வெப்பத்தில் வெந்து மாண்டனர்.

இக்கணக்கின் மோசமான பகுதிகள் பல, ஆட்கள் வந்ததால் அல்ல, ஆவணமில்லாமல் வைக்கப்பட்டதால் விளைந்தவை. இதைச் சரிசெய்ய 2013இல் மேலவை 68–32 வாக்குகளில் நிறைவேற்றிய குடியேற்றச் சீர்திருத்த மசோதா கீழவையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. 1986க்குப் பின் அந்த அளவில் தங்கும் உரிமை அளித்த சட்டம் வேறெதுவும் வரவில்லை.